சிறு தொழிலகத் திரவத் தொட்டிகளுக்கு வடிவமைப்பு நெறிமுறையைத் தேர்ந்தெடுத்தல்

முன்னுரை

அமிலம், காரம், கரைப்பான், எரியெண்ணெய் முதலியவற்றைச் சேமிக்கும் சிறு தொட்டிகளைத் தொழிலகங்கள் கொள்முதல் செய்யும்போது, ‘ஏ.பி.ஐ. 650 அல்லது ஐ.எஸ். 803-இன்படி’ என ஒரே வரியில் எழுதிவிடுவதுண்டு. இவ்விரண்டும் எண்ணெய்க் கிடங்குகளின் பெருந்தொட்டிகளை முன்னிறுத்தி எழுந்த நெறிமுறைகள். முப்பதாயிரம் லிட்டருக்குட்பட்ட தொட்டிக்கு அவற்றைச் சுட்டுவது தவறன்று. ஆயினும், அவ்வாறு சுட்டுவதால் எது உறுதியாகிறது, எது விடுபடுகிறது என்பது ஆராயத்தக்கது. சிறு தொட்டியைப் பொறுத்தவரை, நெறிமுறைத் தேர்வு தகட்டின் தடிமனைப் பெரிதும் மாற்றுவதில்லை. திரவத்திற்கு மேலுள்ள ஆவிவெளியின் அழுத்தத்தை எவ்வாறு கையாள்வது என்பதையே அது முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தடிமன் கணக்கு உணர்த்துவது

3 மீ. விட்டமும் 4 மீ. உயரமும் உடைய செங்குத்துத் தொட்டி ஒன்றைக் கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 28,000 லிட்டர். அதில் 1.84 ஒப்படர்த்தியுடைய அடர் கந்தக அமிலம் நிரம்பியிருப்பின், அடிப்பகுதியில் அழுத்தம் 72 கிலோபாஸ்கல். எஃகின் அனுமதிக்கப்பட்ட தகைவை 137 மெகாபாஸ்கல் எனக் கொண்டால், சுவருக்குத் தேவையான தடிமன் 0.8 மி.மீ. மட்டுமே. அழுத்தக் கலன்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவின்படி, குறைந்த தகைவும் 0.7 பற்றவைப்புத் திறனும் கொண்டு கணக்கிட்டாலும் ஏறத்தாழ 1.5 மி.மீ. அளவே வரும். ஏ.பி.ஐ. 650 கோரும் குறைந்தபட்சத் தடிமனோ 5 மி.மீ. ஆக, வாய்ப்பாடு எதுவாயினும் விடையை முடிவு செய்வன குறைந்தபட்சத் தடிமனும் அரிமானத்திற்கென விடும் கூடுதல் தடிமனுமே. எந்த நெறிமுறை சிக்கனமானது என்று தடிமனை வைத்து வாதிடுவதில் பயனில்லை.

இதே கணக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. தொட்டியை நீர் நிரப்பிச் சோதிக்கும்போது அடித்தளம் தாங்குவது 28 டன். அமிலம் நிரம்பும்போது 52 டன். முழுச் சுமையை அடித்தளம் முதன்முதலில் சந்திப்பது சோதனையில் அன்று, பயன்பாட்டில்தான். ஒப்படர்த்தியைக் கொள்முதல் ஆவணத்தில் எழுதாமல் விடுவதன் விளைவு சுவரைவிட அடித்தளத்திலேயே முதலில் தெரியும்.

ஆவிவெளியின் அழுத்தம்

ஏ.பி.ஐ. 650-இன் அடிப்படைப் பகுதி, உள்ளழுத்தம் கூரைத்தகட்டின் எடையை மிஞ்சாத தொட்டிகளுக்குரியது. 5 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு இவ்வெல்லை 0.4 கிலோபாஸ்கலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது 39 மி.மீ. நீர்மட்ட உயரம். இதற்கு மேல் 18 கிலோபாஸ்கல் வரை அந்நெறிமுறையின் ‘எஃப்’ பின்னிணைப்பும், 103 கிலோபாஸ்கல் வரை ஏ.பி.ஐ. 620-உம், அதற்கும் மேல் ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவும் பொருந்தும். இவ்வெல்லைகள் கலனின் உச்சியில் நிலவும் அழுத்தத்தைக் குறிப்பன என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. 12 மீ. உயர நீர்த்தொட்டியின் அடியில் 103 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் இருந்தாலும், அதனால் மட்டும் அது அழுத்தக் கலன் ஆகிவிடாது.

நமது தொட்டியின் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 1.75 டன் எடை கொண்டவை. தொட்டி வெறுமையாக உள்ளபோது நைட்ரஜன் போர்வையின் அழுத்தச் சீராக்கி பழுதுபட்டு, உள்ளழுத்தம் 2.4 கிலோபாஸ்கலை எட்டுமாயின், கூரையின் மீதான மேல்நோக்கு விசை இவ்வெடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் நங்கூர ஆணிகள் இல்லையேல் சுவர் அடித்தளத்தை விட்டு எழும். 18 கிலோபாஸ்கலில் அவ்விசை 13 டன்.

பெருந்தொட்டிகளில் கூரைக்கும் சுவருக்கும் இடையிலான பற்றவைப்பை வேண்டுமென்றே வலுக்குறைவாக அமைப்பர். வெடிப்பு நேர்ந்தால் கூரை பிய்ந்து திரவம் உள்ளேயே நிற்கும். 15 மீட்டருக்குக் குறைந்த விட்டமுடைய தொட்டிகளில் இவ்வமைப்பை அப்படியே நம்ப இயலாது. எடை குறைவாதலால் அடிமூட்டு முதலில் பிரியக்கூடும். எனவேதான் ஏ.பி.ஐ. 650 அவற்றுக்குக் கூடுதல் நிபந்தனைகளை விதிக்கிறது. அடிமூட்டுப் பிரிவின் கொடுமையை 2001 ஜூலையில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த விபத்து காட்டிற்று. பயன்படுத்திய கந்தக அமிலத் தொட்டியின் ஆவி, பற்றவைப்புப் பணியின்போது தீப்பற்றியது, தொட்டி தன் அடித்தட்டிலிருந்து பிரிந்து அமிலம் முழுதும் வெளியேறியது, ஒருவர் உயிரிழந்தார். அத்தொட்டி இங்குப் பேசப்படும் அளவினதன்று, மிகப் பெரியது. எனினும் தூய அமிலத்திற்கென அமைந்த தொட்டி எரியும் ஆவியுடைய அமிலத்திற்கு மாற்றப்பட்டிருந்தது என்பது எல்லா அளவிலான தொட்டிக்கும் பொருந்தும் செய்தி. தீப்பற்றும் திரவங்களுக்கான சிறு தொட்டிகளில் கூரை மூட்டை நம்புவதைவிட, ஏ.பி.ஐ. 2000-இன்படி அவசரக் காற்றுப்போக்கியின் அளவைக் கணித்து அமைப்பதே தக்கது. இத்திரவங்களுக்கான யூ.எல். 142 தரநிலையும் அவசரக் காற்றுப்போக்கியை வலியுறுத்துகிறது.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. ஏ.பி.ஐ. 650-இன் அடிப்படைப் பகுதி ஏற்கும் உள்வெற்றழுத்தம் 0.25 கிலோபாஸ்கல், அதாவது 25 மி.மீ. நீர்மட்டம் மட்டுமே. நீராவியால் கழுவிய தொட்டியின் வாய்களை மூடிவிட்ட நிலையில் மழை பெய்தால், உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்குவதே சுவரை நசுக்கப் போதுமானது.

சட்டமும் பொருளும்

இந்தியாவில் நெறிமுறைக்கு மேலாகச் சட்டத் தேவையும் உண்டு. பெட்ரோலிய விதிகள் 2002, தீப்பற்றும் வெப்பநிலை 23 பாகை செல்சியசுக்குக் குறைந்தவற்றை ‘ஏ’ வகை, 23 முதல் 65-க்குள் ‘பி’ வகை, 65 முதல் 93-க்குள் ‘சி’ வகை எனப் பிரிக்கின்றன. அழுத்த வாயுவுக்கான கலனின் நீர்க்கொள்ளளவு 1000 லிட்டரைக் கடந்தால் 2016-ஆம் ஆண்டின் நிலை மற்றும் நடமாடும் அழுத்தக் கலன் விதிகள் பொருந்தும். படுக்கைநிலைப் பெட்ரோலியத் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 803 அன்று, ஐ.எஸ். 10987 உரியது.

உலோகம் பொருந்தாத திரவங்களுக்கு மேற்கண்ட நெறிமுறைகள் எவையும் உதவா. இழைவலுவூட்டிய நெகிழிக் கலன்களுக்கு ஏ.எஸ்.எம்.இ. ஆர்.டி.பி.-1, செங்குத்துப் பாலித்தீன் தொட்டிகளுக்கு ஏ.எஸ்.டி.எம். டி 1998 என்பன உள்ளன. வெப்பநிலை ஏறஏறப் பாலித்தீனின் வலிமை விரைந்து குறைவதால், திரவத்தின் உச்ச வெப்பநிலையை ஆவணத்தில் குறித்தே ஆகவேண்டும். ஐ.எஸ். 12701 முத்திரையுள்ள கருநிறத் தொட்டிகளில் சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் சேமிப்பது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அத்தரநிலை நீருக்கு மட்டுமே உரியது. ஹைப்போகுளோரைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.2 ஆதலால் சுவரின் தகைவு ஐந்தில் ஒரு பங்கு கூடுவதோடு, அதன் ஆக்சிசனேற்றத் தன்மை பாலித்தீனை நாளடைவில் வெடிப்புறச் செய்கிறது.