வழிகாட்டியுடன் முசிறிக் கரையில் ஒரு நாள்

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கும் தெற்குமாக நெடுஞ்சுவர் போல் நிற்கிறது. அச்சுவரில் இயற்கை திறந்துவைத்த அகன்ற வாயிலே பாலக்காட்டுக் கணவாய். சித்தூர் வட்டத்திலுள்ள நல்லேப்பிள்ளி அவ்வாயிலுக்கு உள்ளேயே அமைந்த ஊர். நம் வயல்களையும் பனைகளையும் அசைக்கும் காற்று வரும் இவ்வழியே முற்காலத்தில் வணிகச் சாத்துகளும் வந்தன. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் உருவான அணிமணிகளும் கல்மணிகளும் கணவாயைக் கடந்து மேலைக் கடற்கரையை அடைந்தன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்பெருவழி சென்று முடிந்த துறைமுகத்தின் பெயர் முசிறி. ஆகவே, நம் ஊர் மாணவர் ஒருவர் முசிறிக் கரைக்குச் சுற்றுலா செல்வது, பாதி வழியில் நின்றுவிட்ட பயணத்தைத் தொடர்ந்து முடிப்பது போன்றதாகும்.

அக்கரையை ஒரே நாளில், தனியாக அமர்த்திக்கொண்ட வழிகாட்டியின் துணையுடன் காண்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பேருந்தில் ஐம்பது பேருடன் செல்லும் சுற்றுலாவில் காட்சிகள் நமக்குக் காட்டப்படுகின்றன. நேரம் அவர்களுடையது, இறங்கு என்றால் இறங்குகிறோம், ஏறு என்றால் ஏறுகிறோம். தனி வழிகாட்டியை அமர்த்தும்போது நேரம் நம்முடையதாகிறது. உலகின் பல துறைமுக நகரங்களில் இம்முறை பெருவழக்காக உள்ளது. வியட்நாம் நாட்டின் டா நாங் நகரத்தில் பயணக் கப்பல் ஒன்று காலையில் நிற்கிறது, மாலையில் புறப்பட்டுவிடும். இடையிலுள்ள சில மணி நேரத்தில் பளிங்கு மலைகளையும் ஹோய் ஆன் பழந்துறையையும் கண்டுவிட விரும்பும் பயணிகள், காரும் வழிகாட்டியும் சேர்த்து அந்நாளுக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். கப்பல்கள் வந்து நிற்கும் கொச்சியிலும் இதே வழக்கம் உண்டு. நமக்குக் கப்பல் காத்திருப்பதில்லை. எனினும் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் நமக்கும் உண்டு.

இச்சுற்றுலாவில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது எதை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டையைக் காண வழிகாட்டி தேவையில்லை. அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நாம் பெறுவது ஒரு மனிதரின் சொல். அச்சொல் எத்தகையது என்பதைப் பொறுத்தே அந்நாள் பயனுடையதாகவோ வீணாகவோ அமைகிறது. எனவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, சுற்றுலாத் துறையிடம் பயிற்சி பெற்று அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். எந்தெந்த இடங்கள், எவ்வளவு நேரம், நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் சேர்ந்ததா என்பவற்றை எழுத்தில் பெறுவது நன்று. கடைகளுக்கு அழைத்துச் செல்வது நிகழ்ச்சியில் உண்டா என்பதையும் கேட்டுவிடலாம். சில கடைகள் வழிகாட்டிக்குத் தரகு கொடுப்பதுண்டு. அது மறைவான செய்தியன்று. கடையில் கழியும் ஒரு மணி நேரம் அருங்காட்சியகத்தில் குறைந்துபோகும் ஒரு மணி நேரம் என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

நல்லேப்பிள்ளியிலிருந்து கொடுங்கல்லூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பாலக்காடு, திருச்சூர் வழியாகச் செல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குதிரான் சுரங்கப்பாதை இப்பயணத்தை எளிதாக்கியிருக்கிறது. அதற்கு முன் குதிரான் ஏற்றத்தில் லாரிகளின் பின்னே ஊர்ந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். விடியுமுன் புறப்பட்டால் ஒன்பது மணிக்கு முன்பாகவே படகுத்துறையை அடையலாம். அருங்காட்சியகங்கள் பலவற்றிற்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்நாளைத் தவிர்த்தல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் நாள்களில் படகு ஓடுமா என்று முன்னதாகக் கேட்டறிய வேண்டும்.

கொச்சிக் கோட்டையையும் இதே நாளில் சேர்த்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுவர். வாஸ்கோ ட காமாவை 1524-இல் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயமும், சீனவலைகளும் காணத்தக்கவையே. ஆயினும் இரண்டையும் ஒரு நாளில் அடைக்க முயல்வது இரண்டையும் காணாமல் திரும்புவதற்குச் சமம். கொச்சிக்கு இன்னொரு நாள் செல்லலாம்.

படகுப் பயணத்தைக் கொடுங்கல்லூரை அடுத்த கோட்டப்புறத்தில் தொடங்குவது வசதி. இங்குள்ள கோட்டையைப் போர்த்துகீசியர் 1523-இல் கட்டினர். பின்னர் டச்சுக்காரரிடம் சென்று, திப்பு சுல்தானின் படையெடுப்பின்போது சிதைந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சுவர்களின் அடிப்பகுதியும் மரங்களும்தாம். இங்கு நின்று ஆற்றைக் காட்டி வழிகாட்டி பெரும்பாலும் ஒரு கதையைத் தொடங்குவார்: 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது, முசிறித் துறை மண்மூடிப் போயிற்று, தெற்கே கொச்சித் துறைமுகம் பிறந்தது. கேரளத்தில் பலரும் ஏற்கும் கருத்து இது. ஆனால் ஒரே வெள்ளம் ஒரு துறைமுகத்தை அழித்து மற்றொன்றைப் படைத்ததா, பல ஆண்டுகளாகச் சேர்ந்த வண்டலை அவ்வெள்ளம் முடித்துவைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி அக்கேள்வியை விரும்புவார்.

ஆற்று வண்டலுக்குத் தோற்ற துறைமுகம் முசிறி ஒன்றுதான் என்று எண்ண வேண்டா. முன்னே குறிப்பிட்ட ஹோய் ஆன் நகரத்திற்கும் அதுவே நேர்ந்தது. சீனரும் ஜப்பானியரும் வந்து வணிகம் செய்த அத்துறையைத் து போன் ஆற்று வண்டல் தூர்த்தது. வணிகம் டா நாங்கிற்கு மாறியது. துறை மாண்டதால் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின. 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மீ சோன் என்னுமிடத்தில் சாம் மன்னர்கள் சிவபெருமானுக்கு எடுத்த செங்கற்கோயில்கள் உள்ளன. அங்கே சீரமைப்புப் பணி செய்த இந்தியத் தொல்லியல் துறையினர் 2020-இல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்றை மண்ணுக்குள் கண்டெடுத்தனர். முசிறியில் தப்பி நிற்கும் பழந்தெரு எதுவும் இல்லை. அங்கே கண்ணால் காண்பது குறைவு, கேட்பது மிகுதி. அதனாலேயே இங்கு வழிகாட்டியின் சொல்லுக்கு எடை கூடுகிறது.

இவ்விடத்தில் உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணால் கண்டதை முதற்பத்தியிலும், அகழாய்வோ கல்வெட்டோ ஆவணமோ சான்றளிப்பதை இரண்டாம் பத்தியிலும், மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவதை மூன்றாம் பத்தியிலும் எழுதுக. வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு செய்தியும் எப்பத்தியைச் சேரும் என்பதை அவரிடமே கேட்கலாம். “இதை எதைக் கொண்டு அறிகிறோம், ஐயா?” என்னும் கேள்வி மரியாதைக் குறைவானது அன்று.

வடக்குப் பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் அப்பழக்கம் பயன்படும். 2007-இல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகளும், கண்ணாடி மணிகளும், மிளகும் கிடைத்தன. செங்கல்லால் அமைந்த படகுத்துறை ஒன்றும், அதன் அருகே தோணிகளைக் கட்டுவதற்கான தேக்கு முளைகளும், அயினி மரத்தில் குடைந்த ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத் தோணியும் வெளிப்பட்டன. நம்மவர் ஆஞ்ஞிலி என்று வழங்கும் அதே மரம். தோட்டத்து ஓரத்தில் நாம் காணும் மரமொன்று இரண்டாயிரம் ஆண்டு நீரிலும் சேற்றிலும் கிடந்து மீண்டது வியப்புக்குரியது. 2011-இல் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘அமண’ என்ற சொல் இருந்தது. அது சமணரைக் குறிப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார்.

இவை யாவும் இரண்டாம் பத்திக்கு உரியவை. ஆனால் “இதுவே முசிறி” என்னும் தொடர்? வெளிநாட்டு வணிகம் நடந்த துறை இங்கிருந்தது என்பதில் ஐயமில்லை. முசிறி என்ற பெயரே பொறித்த சான்று எதுவும் அங்கு கிடைக்கவில்லை என்பதால், உறுதியாகச் சொல்லத் தயங்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ‘பெரும்பாலும் இதுவாகலாம்’ என்று சொல்லும் வழிகாட்டியை, ‘இதுவேதான்’ என்று சொல்பவரை விட மேலாக மதிக்கலாம்.

முசிறியின் பெயர் பொறித்த ஆவணம் எங்கே உள்ளது? ஆஸ்திரியா நாட்டு வியன்னாவில்! கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசுத் தாள் ஒன்றில், முசிறி வணிகத்திற்குப் பெற்ற கடன் பற்றிய ஒப்பந்தமும், ஹெர்மாபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கும் கிரேக்க மொழியில் உள்ளன. கடன், பொறுப்பு, தவணை என்று அச்சத்தோடு எழுதப்பட்ட அத்தாளைப் படிக்கும்போது பண்டை வணிகம் பொற்காலக் கனவாகத் தோன்றுவதில்லை.

கொடுங்கல்லூரின் வழிபாட்டிடங்களில் மூன்றாம் பத்தி விரைவில் நிரம்பும். சேரமான் ஜும்மா பள்ளிவாசல் கி.பி. 629-இல் கட்டப்பட்டது என்பது அங்குள்ளோர் மரபு. இந்தியாவின் முதற் பள்ளிவாசல் என்று அதனைப் போற்றுகின்றனர். வரலாற்றாசிரியர் பலர் அவ்வாண்டை ஏற்கத் தயங்குகின்றனர். பகவதி கோயிலில் உறைபவள் கண்ணகியே என்பது மற்றொரு மரபு. சேரன் செங்குட்டுவனின் வஞ்சி இங்கிருந்தது என்று ஒரு சாராரும், கருவூரே வஞ்சி என்று வேறு சாராரும் வாதிடுவதை நீங்கள் மேல்வகுப்பில் படிப்பீர்கள். கருவூருக்கு அருகே புகழூரில் சேர மன்னர் பெயர்களைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணவாயின் ஒருபுறம் கருவூர், மறுபுறம் கொடுங்கல்லூர், நடுவில் நாம்.

இத்தகைய இடங்களில் கேள்வியின் தொனி முக்கியம். மரபு பொய்யென்று காட்டுவது நம் நோக்கமன்று. ஒரு சமூகம் பல நூற்றாண்டுகள் விடாமல் சொல்லிவருவதும் வரலாற்றின் ஒரு பகுதியே. எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். வழிபாட்டு நேரத்தையும் உடை ஒழுங்கையும் வழிகாட்டி முன்னரே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். தேவாரப் பாடல் பெற்ற திருவஞ்சைக்களம் சிவன் கோயிலும் அருகிலேயே உள்ளது. சேரமான் பெருமாள் நாயனாரையும் சுந்தரரையும் அறிந்த தமிழ் மாணவர் அதனை விட்டுவிடக் கூடாது. பொதுவான நிகழ்ச்சிநிரல்களில் இவ்விடம் எப்போதும் இடம்பெறுவதில்லை. தனி வழிகாட்டி என்றால் சேர்க்கச் சொல்லலாம்.

பிற்பகலில் படகு வடக்குப் பறவூர்ப் பக்கம் திரும்பும். அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதனை 1616-ஆம் ஆண்டளவில் எழுப்பியவராக அறியப்படுபவர் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். யூதர் பெயருக்குப் பின் முதலியார் என்னும் பட்டம் வந்தது எப்படி? யூதர் தலைவருக்குக் கொச்சி மன்னர் வழங்கிய பட்டம் அது. சேந்தமங்கலத்துத் தொழுகைக்கூடத்தின் முன்புறத்தில், இஸ்ரயேலின் மகள் சாராவின் கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்தில் 1269-ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட அக்கல்லைத் தொட்டுப் பார்க்கும் தொலைவில் நின்று காணலாம். தொடாமல் காண்பதே முறை.

சேந்தமங்கலம் கைத்தறிக்கும் பெயர்பெற்றது. 2018 வெள்ளத்தில் தறிகளும் நெய்த துணிகளும் சேற்றில் மூழ்கின. விற்க இயலாத அத்துணியைத் தூய்மை செய்து ‘சேக்குட்டி’ என்னும் சிறு பொம்மைகளாக்கி விற்றுத் தறியாளர்களுக்கு உதவினர். முன்னே கடைகளைப் பற்றி எச்சரித்தோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செலவிடும் அரைமணி நேரத்தை அக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

நாளின் இறுதியில் வைப்பின் தீவின் வடமுனையிலுள்ள பள்ளிப்புறம் கோட்டையை அடையலாம். 1503-இல் போர்த்துகீசியர் கட்டிய அறுகோணக் கோட்டை. இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பி இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. சிறியது. கால்மணி நேரம் போதும். அங்கிருந்து பெரியாறு கடலில் கலக்கும் கழிமுகம் தொலைவில் இல்லை. அழிக்கோடு ஒரு கரை, முனம்பம் மறுகரை. சீனவலைகள் நீரில் இறங்கி ஏறும் மாலை நேரம் அது.

கழிமுகத்தில் வழிகாட்டிகள் பிளினி என்ற ரோமானியரைப் பற்றிச் சொல்வது வழக்கம். கி.பி. 77-ஆம் ஆண்டளவில் எழுதிய அவர், முசிறியில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நிற்கின்றன, சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும், அருகே கடற்கொள்ளையரும் உண்டு என்று தம் நாட்டு வணிகரை எச்சரித்தார். அதே காட்சியைப் புறநானூற்றில் பரணர் கரையிலிருந்து கண்டு சொல்கிறார்: பெருங்கலத்தில் வந்த பொன், உப்பங்கழியில் ஓடும் சிறு தோணிகளின் வழியே நிலத்தை அடைகிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் அறிய வாய்ப்பில்லை. கடலிலிருந்து வந்தவரின் கவலையும் கரையில் நின்றவரின் பெருமிதமும் ஒரே தோணியில் சந்திக்கின்றன.

ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ பயின்ற வழிகாட்டி பிளினியை அறிந்து பரணரை அறியாதவராக இருக்கலாம். தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த நீங்கள் அச்செய்யுளின் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். செய்யுள் எண் 343. எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் வரும் குழுவிற்கு அவர் சொல்வார்.