99ஆம் இடமும் எமது மரக்கறிக் கூடையும்

2019 ஒக்டோபரில் உலக வங்கி வெளியிட்ட 'டூயிங் பிசினஸ்' அறிக்கையில் 190 நாடுகளுள் இலங்கைக்கு 99ஆவது இடம் கிடைத்தது. முந்திய அறிக்கையில் 100. தொழில் செய்வதற்கு எந்த நாட்டின் சட்டதிட்டங்கள் இலகுவானவை என்று கணித்த பட்டியல் அது. இத்தகைய எண்களைக் காட்டி, "இனி முதலீடு வரும், உங்கள் பிள்ளைகளுக்கு வேலை வரும்" என்று எம்மிடம் சொல்வோர் இன்றும் உண்டு. அந்த எண் யாரைப் பார்த்துப் போடப்பட்டது என்று நாம் கேட்க வேண்டாமா?

இலங்கைக்காக அவர்கள் கணக்கில் எடுத்தது கொழும்பை மட்டுமே. அங்கும் ஒரு கற்பனைக் கம்பனியைத்தான். அதற்கு ஐந்து உரிமையாளர்கள், 10 முதல் 50 வரையான வேலையாட்கள். அதைப் பதிய எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று சட்டத்தரணிகள், கணக்காளர்கள் போன்றோரிடம் கேட்டு எழுதினார்கள்.

வெலிமடையில் கதை வேறு. மண்சரிவுக்கு அஞ்சி வீட்டை விட்டு, உறவினர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு குடும்பம் சிறு மரக்கறிக் கடையொன்றைப் பதியப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதேச செயலகத்தில் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும்; கடை இருக்கும் இடத்துக்கு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். மூன்று தலைமுறையாக லயன் அறையில் வாழ்ந்தவரிடம் உறுதி ஏது? பதிவு இல்லையென்றால் வங்கியில் தொழிற்கடன் கேட்பதும் கடினம். கொழும்பில் பதிவு நாட்கள் குறைந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள்கூடக் குறைவதில்லை.

பட்டியல் இறக்குமதியையும் அளந்தது. ஆனால் எடுத்துக்கொண்ட பொருள் வாகன உதிரிப்பாகம். 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. நவம்பரில் தடை நீக்கப்படும்வரை உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு முன் நாம் கைகட்டி நின்றோம். எமது தொழிலை அதிகம் பாதித்த சட்டவிதி அதுதான். அதை அளக்க அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை.

பட்டியல் சொன்னது எல்லாம் பொய் என்பதும் நியாயமல்ல. கொழும்பில் ஒரு வர்த்தக வழக்கு முடிய 1,318 நாட்கள் என்று அது எழுதியது. நீதிமன்ற வாசலில் காத்திருந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். அந்த நாட்களைக் குறைப்பது நல்ல வேலை. ஆனால் இடம் உயர்வதையே குறியாக வைத்தால், அளக்கப்படும் கதவுக்கு மட்டும் வர்ணம் பூசுவார்கள்; பின்கதவு உடைந்தபடியே கிடக்கும்.

அளந்தவர்களின் கையும் சுத்தமாக இருக்கவில்லை. 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகள் முறைகேடாக மாற்றப்பட்டிருந்தன. சீனாவுக்குக் கிடைத்தது 78ஆம் இடம், மாற்றாதிருந்தால் 85. இதனால் 2021 செப்டெம்பரில் உலக வங்கியே பட்டியலை நிறுத்திவிட்டது.

அதற்குப் பதிலாக 'பி-ரெடி' என்ற புதிய அறிக்கை 2024 ஒக்டோபரில் 50 நாடுகளுடன் தொடங்கியது. தொழிலாளர் பாதுகாப்பு, அரச சேவைகள் பற்றியும் அது கேட்கிறது, அது முன்னேற்றமே. ஆனால் அதற்காகத் தொழில் நிறுவனங்களிடம் எடுக்கப்படும் கணக்கெடுப்பு, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், பதிவுபெற்ற நிறுவனங்களிடமே போகிறது. கணவனும் மனைவியும் லீக்ஸ் கட்டி லொறியில் ஏற்றும் வீட்டு வாசலுக்கு அது இன்னும் வரவில்லை.