கொரட்டூர் பிளாட்பார்மில் நியூட்டன்!

'எஃப் ஈக்வல் டு எம்.ஏ.' ப்ளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணி, செமஸ்டர்ல மறந்துபோன ஃபார்முலாதானே பாஸ்? அது கொரட்டூர் ஸ்டேஷன்ல தினமும் டிக்கெட்டே எடுக்காம ஓடிக்கிட்டிருக்கு!

1687-ல் நியூட்டன் சொன்ன சங்கதி சிம்பிள். ஒரு பொருளோட வேகத்தை மாற்ற விசை வேணும். நிறை கூடினா, அதே மாற்றத்துக்கு விசையும் கூடணும். காலி ஷேர் ஆட்டோவையும், ஆள் அடைச்ச ஷேர் ஆட்டோவையும் தள்ளிப் பாருங்க, புரியும்.

இப்போ தண்டவாளத்துக்கு வாங்க. இங்கே நிற்காமல் பறக்கிற எக்ஸ்பிரஸ், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வருதுன்னு வைச்சுக்குவோம். அதாவது, நொடிக்கு 20 மீட்டர். நிறை 1,000 டன். டிரைவர் பிரேக் போடறார். நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வேகம் குறையணும்னாலே 5 லட்சம் நியூட்டன் விசை தேவை. அப்படியும் வண்டி நிற்க 40 நொடி, 400 மீட்டர் ஆகும்!

'இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியதுதானே?' இரும்புத் தண்டவாளத்துல இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு கம்மி. ஓரளவுக்கு மேல அழுத்தினா சக்கரம் வழுக்கும்.

செல்போன்ல பேசிக்கிட்டே தண்டவாளத்தைத் தாண்டுறீங்க. 100 மீட்டர் தள்ளி உங்களைப் பார்த்த அந்த நொடியே டிரைவர் பிரேக் போட்டாலும், சுமார் 5.4 நொடியில் ரயில் உங்ககிட்ட வந்துடும். அப்பவும் வேகம் 62 கி.மீ.!

டிரைவர் மேல தப்பில்லை. கணக்கு அப்படி. ரெண்டு நிமிஷம் லேட்டானா அட்டெண்டன்ஸ்தான் போகும். சுத்தியே வாங்க பாஸ், இந்தப் பேப்பருக்கு மட்டும் அரியர் கிடையாது!