பழைய வெற்றிலைச் செல்லத்தைப் பழுது பார்த்தல்

மேனாட்டில் தந்தையார் புகைத்த சுங்கானை மைந்தர் எடுத்துச் சுரண்டித் துடைத்து மெருகிட்டுப் பேணுதல் ஒரு வழக்கம். அதன் கிண்ணத்தினுள்ளே படிந்த கரியேட்டை அளவறிந்து சுரண்டுவதே அவ்வேலையில் முதன்மையான நுட்பம் என்பர். நம் தஞ்சை நாட்டிற் சுங்கான் பிடித்தோர் மிகச் சிலர். காவிரிக்கரைக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலையையும் அதனோடு புகையிலையையும் மென்றோரே பலர். ஆதலின் நம் வீட்டுப் பரண்களிற் கிடப்பது சுங்கானன்று, வெற்றிலைச் செல்லமே. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வெற்றிலையை வைத்திருந்த பித்தளைப் பெட்டிகளோ பல வீடுகளில் நிறைக்கு விலைபோயின.

வெற்றிலை போடுமாறு யாம் எவரையும் தூண்டுகின்றோமல்லோம். புகையிலையேயன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைப்பதென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. பழக்கம் போகட்டும், பெட்டி ஏன் போகவேண்டும்?

செல்லம் கையில் வந்ததும் புளியைத் தேடி ஓடுதல் கூடாது. முதலிற் பார்த்தல் வேண்டும். மூடியில் வெள்ளி இழைத்த வேலைப்பாடோ மேற்பூச்சோ உளதாயின் அதன்மேல் எப்பொடியும் படலாகாது. அவ்வாறில்லையேல், பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் மெல்லிய துணியை நனைத்துப் பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குக. இதற்கே அரை நாள் ஆகும்.

அடுத்தது சுண்ணாம்புக் கரண்டகம். இதனுட் படிந்திருப்பது இப்பொழுது சுண்ணாம்பன்று. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறிவிடுகின்றது. கத்தியாற் குத்தினாற் கல்லுக்கு முன்னே கரண்டகம் துளைபடும். புளித்த மோரையேனும் காடியையேனும் ஊற்றினால் நுரை பொங்கிக் கல் இளகும். பின்னர் மூங்கிற் சிம்பினால் தள்ளிவிடலாம். நுரை அடங்கியதும் கொட்டிவிட்டு வேறு ஊற்றுக. இரவு முழுதும் ஊறவிடுதல் பிழை. பித்தளையாவது செம்பும் துத்தநாகமும் கூடியது. புளிப்பு நெடுநேரம் நின்றால் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை விட்டுவைக்கும். ஆங்காங்கே சிவந்த தேமல் தோன்றும். அதனைத் தேய்த்துப் போக்கவேண்டின் அவ்வளவு உலோகத்தையும் இழக்க நேரும். பச்சைக் களிம்பைப் புளிகொண்டு போக்கும்போதும் இதுவே விதி: தேய்த்த சில நிமிடங்களிற் கழுவி, சாம்பல் நீரில் அலசி, வெயிலில் உலர்த்துக.

மெருகிடச் செங்கற்பொடியைக் கையாளுவது நம் பெண்மக்கள் வழக்கம். பெரிய அண்டாவிற்கு அது தகும். சித்திரம் பொறித்த மூடிக்குத் தகாது. நெல் விளையும் நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. உமிச்சாம்பலிற் பெரும்பகுதி மணற்சத்தே. அதனை மெல்லிய துணியிற் சலித்து, நீர் விட்டுக் குழைத்து விரலால் தேய்த்தல் சாலும். அதுவும் ஆண்டுக்கொரு முறைக்குமேல் வேண்டா. கொடியும் அன்னமும் பொறித்த மூடிகள் பல, வெள்ளிதோறும் விளக்கப்பெற்றே வழுவழுப்பாயின.

பாக்குவெட்டி இரும்பாதலின் அதற்குப் புளி ஆகாது. அதன்மேற் படிந்த கருமை முழுவதும் துருவன்று. பாக்கின் துவர்ப்பு இரும்போடு கூடி விளைந்தது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினாரே நம் முன்னோர், அம்மையே இது. துருவை எண்ணெயும் சாம்பலும் கொண்டு தேய்த்து, கருமையை இருக்கவிடுக, அழகாகவே இருக்கும். அலகைச் சாய்ந்த புறத்தில் மட்டும் சாணைக்கல்லில் தீட்டுக.

கீலின் ஆணி தேய்ந்திருப்பின் பித்தளைக் கம்பியையே செருகுக. இரும்புக் கம்பி பித்தளையோடு ஒட்டி ஈரம் பட்டால் விரைந்து துருவேறும். நெளிவுகளை மணற்பையின்மேல் வைத்து உட்புறத்தினின்று கொட்டாப்புளியால் மெல்லத் தட்டலாம். கரண்டகத்தின் ஓட்டையைக் காரீயம் கலந்த பற்றாசினால் அடைத்தல் ஆகாது; சுண்ணாம்பு காரீயத்தைக் கரைக்க வல்லது, அது நஞ்சு.

இனி எம் வீட்டுச் செல்லத்தின் செய்தி. பாட்டியார் காலஞ்சென்றபின் அது மாட்டுக்கொட்டிற் பரணில் இருபது ஆண்டு கிடந்தது. எடுத்துத் துலக்கியபோது மூலைகளில் மயிரிழைபோன்ற கீறல்கள் கண்டோம். யாரோ கீழே போட்டதாகக் கருதி வீட்டுச் சிறுவரைக் கடிந்தும்விட்டோம். உண்மை வேறு. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சேனையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலங்களில் தாமே கீறிப் பயனற்றுப்போயின. குதிரை லாயங்களின் அருகே வைக்கப்பட்டவை அவை. 1921-இல் இதன் காரணம் விளக்கப்பெற்றது. தட்டியும் இழுத்தும் உருவாக்கிய பித்தளையில் ஓர் இறுக்கம் உள்ளே நின்றுவிடுகின்றது. கால்நடைச் சிறுநீரினின்று எழும் அம்மோனியா, ஈரத்தோடு கூடி, இறுக்கமுள்ள இடத்தைப் பிளக்கின்றது. உருவாக்கியபின் மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தினால் இத்தீங்கு நேராது. எம் செல்லத்திற்கு அது காலங்கடந்த செய்தி. கடிந்த சிறுவரிடம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். கீறலைத் திரும்பப் பெற இயலவில்லை.

கன்னார் தெருவில் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். நகத்தால் வருடிப் பார்த்து, “இதுக்குச் சூடு காட்டினா இன்னும் ஓடுங்க தம்பி. உள்ளே தகடு வச்சுத் தறைச்சுத் தாரேன். வெளியே ஆணி தெரியும், பரவாயில்லையா?” என்றார். பரவாயில்லை என்றோம். மூலைக்கு மூன்றாகப் பன்னிரண்டு ஆணிகள் இப்பொழுது வெளியே தெரிகின்றன.

இறுதியிற் பூசவேண்டுவது தேங்காயெண்ணெயன்று; அது சிக்கேறிப் பச்சைநிறம் கொள்ளும். தேன்மெழுகைச் சிறிது இளக்கித் துணியால் ஒற்றித் துடைப்பது நன்று. யாம் அவ்வாறே செய்து, செல்லத்தை அன்னையாரிடம் கொடுத்தோம். வெற்றிலைத் தட்டில் நூற்கண்டுகளும், பாக்கு அறையிற் பொத்தான்களும், கரண்டகத்தில் ஊசிகளும் இட்டுவைத்திருக்கின்றனர். பாக்குவெட்டி மட்டும் வெல்லம் நறுக்கப் போயிற்று.