காட்சியும் சாட்சியும்: வன்னி தரும் பாடம்

காட்சிச் சாதனங்களை நடுநிலையான கருவிகளாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயின், படத்தை எடுப்பவர் யார், பரப்பும் சாதனம் யார் வசமுள்ளது என்னும் வினாக்களே அதன் சமூகப் பணியைத் தீர்மானிக்கின்றன.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வின் சர்வதேசப் பணியாளர் அரசின் பணிப்பின்பேரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். சுயாதீனப் பத்திரிகையாளருக்கும் போர்முனை மூடப்பட்டது. இவ்வாறு திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இருளை ஊடறுத்தவை செய்மதிப் படங்களும் கைத்தொலைபேசிப் பதிவுகளுமே. 2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய படுகொலைக் காட்சி பாதிக்கப்பட்டோர் எடுத்ததன்று. கொன்றோர் பக்கத்தில் நின்றே எடுக்கப்பட்டது. அரசு அதனைப் போலியென்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டனோ, நிபுணர் ஆய்வுகளின் அடிப்படையில், அது உண்மையானதாகவே தோன்றுகிறதென 2010 ஜனவரியில் அறிவித்தார். வெற்றிக் களிப்பின் பதிவு குற்றச் சான்றாக மாறும் இம்முரண், இயங்கியல் நோக்கில் வியப்புக்குரியதன்று.

எனினும் சான்று தானாகவே நீதியாகிவிடாது. 1991இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவரான ரொட்னி கிங்கைப் பொலிசார் தாக்கியமை வீடியோவில் பதிவாகியிருந்தது. 1992இல் நடுவர் குழு எவரையும் குற்றவாளியெனத் தீர்க்கவில்லை. 2020இல் ஜோர்ஜ் புளொயிட் கொல்லப்பட்ட காட்சியின் பின்னே, வீதியில் இறங்கிய மக்கள் திரள் நின்றது; மறு ஆண்டு கொலையாளி தண்டிக்கப்பட்டார்.

இங்கு, 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தியவை சாதாரண நிழற்படங்களே. தொழில்நுட்பத்தின் புதுமையன்று, அதனைக் கையேற்கும் மக்களின் அமைப்பாக்கமே தீர்க்கமானது என்பதை அவர்களிடமிருந்தே நாம் கற்கவேண்டியுள்ளது.