பழைய தோட்டா கூறும் சான்று

நாணயத்தைக் கொண்டு அரசனின் காலத்தை அறிவது போலவும், ஓட்டுச் சில்லைக் கொண்டு ஊரின் பழமையை அறிவது போலவும், பழைய துவக்குத் தோட்டாவைக் கொண்டு அது பிறந்த தொழிற்சாலையையும் ஆண்டையும் அறியலாம். இவ்வறிவு சேகரிப்போரின் பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதன்று. போர்க்களம் ஒன்றின் மறைந்த உண்மையை வெளிக்கொணரவும் அது துணைசெய்தது.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பித்தளைக் கோது, அதனுள் மருந்து, முனையிற் சன்னம், அடியில் தீமூட்டும் சிறு மூடி என்பன அவை. துவக்கின் ஊசி மூடியை இடிக்க மருந்து பற்றும்; சன்னம் பறந்துவிடும்; கோது எஞ்சும். எஞ்சிய கோதின் அடிப்புறமே அதன் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எனலாம்.

பிரித்தானியப் படை 1888 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதும், இரு உலகப் போர்களிலும் வழங்கியதுமான 0.303 அங்குலத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் அடி விளிம்பு புடைத்திருக்கும். ‘கே’ என்னும் ஆங்கில எழுத்து கைனோக் தொழிற்சாலையையும், ‘கே எஃப்’ என்பது இந்தியாவின் கிர்க்கி தொழிற்சாலையையும் குறிக்கும். உரோம எண் ஏழு காணப்படின், அது 1910 இல் வந்த கூர்முனைச் சன்னத்துக்குரியது. மூடியைச் சுற்றிய வளையம் ஊதாவாயின் சாதாரணத் தோட்டா. சிவப்பாயின் ஒளிக்கீற்றுடன் செல்வது. பச்சையாயின் கவசந் துளைப்பது. பெயரை நம்பிச் சன்னத்தை அளப்பவர் ஏமாறுவர். 0.303 என்பது குழலின் உள்விட்டம்; சன்னமோ ஏறத்தாழ 0.311 அங்குலம்.

முத்திரையே இல்லாத கோதும் பேசும். 1876 யூன் 25 ஆம் நாள், அமெரிக்காவின் மொன்ரானாப் பகுதியில் லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றருகே தளபதி கஸ்டரும் அவருடன் நின்ற ஐந்து அணியினரும் மாண்டனர். அவரணியில் எவரும் மீளவில்லை. எதிர்த்து நின்ற லக்கோட்டா, செயென் மக்களின் சாட்சியத்தைப் பலர் நீண்டகாலம் பொருட்படுத்தவில்லை. 1983 இல் புற்றீ மூண்டு நிலம் வெளிப்பட, 1984 இல் டக்ளஸ் ஸ்கொட், றிச்சாட் ஃபொக்ஸ் ஆகியோர் அகழாய்வைத் தொடங்கினர். அக்காலத்துப் படைத் தோட்டாவில் ஆண்டு முத்திரை இல்லை. எனினும் ஒவ்வொரு துவக்கின் ஊசியும் தனக்கேயுரிய வடுவைப் பதிக்கும். ஒரே வடுவுள்ள கோதுகள் எங்கெங்கே கிடந்தன எனக் குறித்து, ஒவ்வொரு துவக்கும் நகர்ந்த வழியை அவர்கள் வரைந்தனர். பழங்குடியினரிடம் ஹென்றி, வின்செஸ்ரர் முதலிய தொடர்வெடித் துவக்குகள் பல இருந்தமையும் தெளிவாயிற்று. அவர்களின் சாட்சியம் பலவிடத்து மெய்யென நிலைபெற்றது.

ஆகவே கோது கிடந்த இடமே அதன் பொருள். இடத்தைக் குறியாது சட்டைப் பையிலிட்ட கோது வெறும் உலோகத் துண்டாகிவிடும். நேர்மையான சேகரிப்பாளர் பொருளோடு அது கிடைத்த இடத்தையும் எழுதிவைப்பர்.

சன்னம் கழலாத தோட்டாவோ வேறு வகை. அது பல பத்தாண்டுகள் மண்ணிற் கிடந்தும் வெடிக்கக்கூடும். அதனைத் தேய்த்தல், தட்டல், சூடாக்கல் ஆகா. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தலுங் குற்றம். 2009 இல் முடிந்த போரின் எச்சங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் அகற்றப்பட்டு வருகின்றன. அத்தகைய பொருளைக் காணும் பிள்ளை அதனைத் தொடாது, பெரியோர் வாயிலாகப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும். கண்ணாற் படித்தலே போதுமானது; கையாற் படிக்கும் பாடமன்று அது.