முத்துக்குளித்துறைக்கு வந்த ஆப்பிரிக்கத் தாளம்

நைஜீரியா தேசத்தின் பெனின் நகரத்தில் பிறந்த ரேமா என்ற இளைஞர் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளியிட்ட ‘காம் டவுன்’ என்னும் பாட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி செலீனா கோமஸின் குரலையும் சேர்த்துக்கொண்டு மறுபடி வெளிவந்த பிறகு அடைந்த பிரசித்தி சாமானியமானதல்ல. அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் அது மூன்றாம் இடம் வரை ஏறிற்று. ஸ்பாட்டிஃபை என்னும் இசைச் சாதனத்தில் நூறு கோடி தடவைக்கு மேல் கேட்கப்பட்டது. 2023 மே மாதத்தில் ரேமா இந்தியாவுக்கே வந்து பாடிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு மும்பையில் அம்பானி வீட்டுக் கல்யாணத்திலும் பாடினார். அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத நம்மைப் போன்றவர்களின் ஊர்க் கல்யாண மண்டபங்களிலும், மேளக்காரர் இளைப்பாறும் நேரம் பார்த்து, ஒலிபெருக்கிக்காரர் அந்தப் பாட்டைப் போடத் தவறவில்லை.

இரண்டு பிரபலங்களின் குரல் ஓர் இசைத்தட்டில் சேர்வதற்கு அந்த இருவரும் ஓர் அறையில் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இக்காலத்தில் இல்லை. ஒருவர் பாடி முடித்த பாட்டில் ஓர் இடத்தை ஒழித்துக் கொடுத்தால், மற்றவர் கடலுக்கு அப்பால் இருந்தபடியே தம் பங்கைப் பாடி அனுப்பிவிடலாம். இதில் வியாபார யுக்தி இருக்கிறது என்பதை மறைப்பானேன்? ஒருவருடைய ரசிகர் கூட்டத்தை மற்றவருக்கு அறிமுகம் செய்துவைக்கும் ஏற்பாடு அது. ஆனால் யுக்தி மட்டுமே பாட்டை நூறு கோடி தடவை ஒலிக்கச் செய்யாது. அதற்குத் தாளம் வேண்டும். இந்தக் கட்டுரைக்குக் காரணமாக இருப்பதும் அந்தத் தாளந்தான்.

ஆஃப்ரோபீட்ஸ் என்று இன்று வழங்கும் இந்த இசைக்கு மூத்தாராக ஒருவர் உண்டு. 1960களின் கடைசியிலும் அதை அடுத்த பத்தாண்டிலும், லாகோஸ் நகரத்தில் ஃபேலா குட்டி என்பவர், டோனி ஆலன் என்ற அபாரமான டிரம் வாத்தியக்காரரைத் துணையாகக் கொண்டு, யோருபா மக்களின் தாளங்களையும் கானா தேசத்து ‘ஹைலைஃப்’ நடன இசையையும் அமெரிக்காவின் ஜாஸையும் ஒன்றாகக் குழைத்து, ஆஃப்ரோபீட் என்று அதற்கு நாமகரணமும் செய்தார். இருபது நிமிஷங்கூட நீடிக்கும் அவருடைய பாட்டுகள் இராணுவ ஆட்சியைப் பெயர் சொல்லிச் சாடியவை. 1977இல் சிப்பாய்கள் கூட்டமாக வந்து அவர் வீட்டை எரித்ததற்கு அதுவே காரணம். 2000க்குப் பிறகு லாகோஸிலும் அக்ராவிலும் லண்டனிலும் இளைஞர்கள் கம்ப்யூட்டரின் உதவியால் ஆக்கிய புதிய இசை, அந்தப் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு, நிமிஷங்களையும் கோபத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டது. ஃபேலாவின் சினத்தில் கால்வாசி கூட இதில் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் குறை உண்டு. பாட்டு ஆரம்பித்ததும் அது மறந்துபோகிறது.

தாளத்தின் விஷயம் இதுதான். எட்டு அட்சரங்களை நாம் கைத்தாளம் போட்டால் நான்கும் நான்குமாகப் பிரித்துத் தட்டுவது வழக்கம். மேற்கு ஆப்பிரிக்கத் தாளக்காரர், அடியில் ஒரு வாத்தியம் அப்படிச் சீராகத் தட்டிக்கொண்டிருக்கையிலேயே, அதன் மேல் இன்னொரு வாத்தியத்தால் அந்த எட்டையே மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து விழச் செய்கிறார். நம் சொற்கட்டில் சொன்னால், தகிட – தகிட – தக. ஒரே காலப் பிரமாணத்துக்குள் இரண்டு விதமான நடை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுவதனால், உட்கார்ந்திருக்கிறவனுடைய கால் அவன் அனுமதியைக் கேளாமலே ஆடத் தொடங்குகிறது. தவில் வித்வான்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. சாமானிய ஜனங்களின் செவிக்குத்தான், எங்கோ கேட்டது போலவும் கேளாதது போலவும் ஒரு மயக்கம்.

தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு அந்த மயக்கம் உண்டானால், அதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியின் வழியாக இப்போது வந்து சேர்ந்திருக்கும் ஆப்பிரிக்கத் தாளம், மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் முதன்முதலாக வரும் விருந்தாளி அல்ல.

கொற்கைக் காலந்தொட்டு முத்தினால் பேர் பெற்ற இந்தக் கடற்கரையில், 1530களில் பரதவர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியபோது போர்ச்சுகீசியரின் செல்வாக்கு வேரூன்றிற்று. ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ, மோத்தா என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் தூத்துக்குடியில் தெருவுக்குத் தெரு ஒலிப்பது அதன் விளைவு. எதிர்க்கரையில், முத்துக் குளிக்கும் சலாபங்கள் நடந்த மன்னாரும் அதற்குத் தெற்கே புத்தளமும் கொழும்பும் அதே போர்ச்சுகீசியர் கைக்குப் போயின. 1658இல் டச்சுக்காரர் இக்கரைத் தூத்துக்குடியையும் அக்கரை மன்னாரையும் ஒரே ஆண்டில் பிடித்தார்கள் என்பதைக் கவனித்தால், இந்த வளைகுடாவை அக்காலத்து அரசர்கள் இரண்டு தேசங்களாக அல்ல, ஒரு முத்து வயலாகவே எண்ணினார்கள் என்பது விளங்கும்.

அந்தப் போர்ச்சுகீசியர் தங்கள் கப்பல்களில் மிளகுக்கும் பீரங்கிக்கும் நடுவே மனிதர்களையும் ஏற்றி வந்தார்கள். மொசாம்பிக் முதலான கிழக்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்களைத் தமிழர் காப்பிலிகள் என்றார்கள். டச்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் இலங்கைப் படைகளில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சேவித்தார்கள். படைகள் கலைக்கப்பட்டபின் புத்தளத்துக்கு அருகே சிராம்பியடி என்ற கிராமத்தில் தங்கிவிட்ட குடும்பங்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பாடும் ‘மஞ்ஜா’ என்ற பாட்டுகள் போர்ச்சுகீசியம் திரிந்து உண்டான ஒரு கலப்புப் பாஷையில் அமைந்தவை. சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். வரவர வேகம் ஏறும். றபான் என்ற தோல்வாத்தியமும், கரண்டியும், நாணயத்தால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும், சிரட்டையுமே பக்க வாத்தியம். பொழுது போகப் போகப் பாடுகிறவரும் ஆடுகிறவரும் கேட்கிறவரும் யார் என்ற பேதம் மறைந்துவிடும். லண்டனில் இருந்துகொண்டு இந்து சமுத்திரத்து ஆப்பிரிக்கரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற அறிஞர்கள் இல்லாவிடில் இந்தச் சிறு சமூகத்தின் பெயரே வெளியுலகத்துக்குத் தெரிந்திராது.

ஆப்பிரிக்கரின் லயமும் போர்ச்சுகீசியரின் மெட்டும் கூடி ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற நடன இசை பிறந்தது. போர்ச்சுகீசிய வம்சத்தவரான மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் அது நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தது. அதன் தம்பி என்று சொல்லத்தக்கது பைலா. 1940களில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்த வாலி பஸ்தியான் என்பவர் சிங்களத்தில் பாட்டுக் கட்டி அதைக் கொழும்பு நகரத்தின் பொதுச் சொத்தாக்கினார். பைலாவின் லயம் ஆறு அட்சரம். தகிட தகிட என்று இரண்டு மூன்றாகவும், தக தக தக என்று மூன்று இரண்டாகவும் அந்த ஆறு ஒரே சமயத்தில் ஓடும். ‘காம் டவுன்’ ஓடுவது எட்டில், பைலா ஓடுவது ஆறில். ஆயினும் ஒரே காலத்தை இரண்டு விதமாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றும் வித்தை இரண்டுக்கும் பொதுவானது. மேற்கு ஆப்பிரிக்காவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். நேரான வம்சாவளி எதையும் இங்கே ஸ்தாபிக்கவில்லை. குடும்ப ஜாடை தெரிகிறது என்ற மட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பைலா நம் கரைக்கு வந்ததற்குத் தோணியும் கப்பலும் வானொலியும் சாட்சி. 1914க்கு முன்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள், 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அந்தக் கொழும்பு மார்க்கத்தை உத்தேசித்தே. தண்டல் என்ற தோணித் தலைவரும் கலாசிகள் என்ற மாலுமிகளும் பாய் விரித்து ஓட்டிய தோணிகள் சரக்கோடு போய்ச் சரக்கோடு திரும்பின. வலை இழுக்கவும் தண்டு வலிக்கவும் நம் கடற்றொழிலாளர் பாடிய அம்பாப் பாட்டுகளில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் எதிரடி பாடும் முறை உண்டு. ஆப்பிரிக்க இசைக்கும் அதுவே முதுகெலும்பு. ஆகவே பைலாவைக் கேட்ட மாத்திரத்தில் அதை ஏற்றுக்கொள்ளும் செவி இங்கே முன்னமேயே தயாராக இருந்தது. பிற்காலத்தில், கடல் தடுக்காத இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசிய அந்த நிலையம், நம் கரையோர வீடுகளில் உள்ளூர் நிலையம் போலவே பாவிக்கப்பட்டது.

இந்தப் போக்குவரத்தின் குழந்தை என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால் நான் நடிகர் சந்திரபாபுவைச் சுட்டுவேன். 1927இல் தூத்துக்குடியில் பிறந்து, ஊர்த் தெய்வத்தின் பெயரால் பனிமயதாஸ் என்று ஞானஸ்நானம் பெற்ற அவர், தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட தகப்பனாரோடு குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தமையால் இளமையை அங்கே கழித்துப் படித்தவர். 1959இல் வெளிவந்த ‘மரகதம்’ படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் சங்கீதத்தில், அவரும் ஜமுனாராணியும் சேர்ந்து பாடிய ‘குங்குமப் பூவே’ என்ற ஜோடிப் பாட்டு இசைத்தட்டாகத் தமிழ்நாட்டை ஒரு கலக்குக் கலக்கிற்று. ஜமுனாராணியோ சிங்களப் படங்களுக்கும் பாடியவர். அந்தப் பாட்டு பைலா என்று சாதிக்க நான் வரவில்லை. கொழும்புக் காற்றுப் பட்ட ஓர் ஆண்குரலும் சிங்களம் பழகிய ஒரு பெண்குரலும் சந்தித்த இடம் அது என்பதே போதும். இரு பிரபலங்கள் சேர்ந்து தட்டுப் போடுவது என்பது ரேமாவுக்கும் செலீனாவுக்கும் வெகுகாலம் முந்திய விவகாரம் என்பதை ஞாபகப்படுத்தவும் அது உதவும்.

பைலா பகிரங்கமாகத் தமிழுக்கு வந்து குடியேறியது ‘சுராங்கனி’யால். யாழ்ப்பாணத்தில் நிதி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடிப் பொப்பிசைக்கு வழி திறந்த பின், சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ. ஈ. மனோகரன், சிங்களமும் தமிழும் கலந்து, சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த கதையைப் பாடினார். மீன் கொண்டுவருவதைவிட இந்தக் கரைக்குப் பொருத்தமான காதல் காணிக்கை வேறென்ன இருக்க முடியும்! 1977இல் இளையராஜா ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அதை எடுத்தாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். பாஷை புரியாதவர்களும் சேர்ந்து பாடினார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஆர்க்கெஸ்ட்ராக் கச்சேரிகளில் கூட்டம் எழுந்து ஆடவேண்டிய கட்டம் வந்தால் இன்றைக்கும் அந்தப் பாட்டைத்தான் எடுக்கிறார்கள்.

ரேமாவைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டாவதற்குத் தாளம் மட்டும் காரணமல்ல. நைஜீரியக்காரர் ஆக்கிய பாட்டின் முகப்பில் அவருடைய பெயர்தான் முதலில் இருக்கிறது; செலீனா கோமஸ் அவ்வளவு பெரிய பிரபலமாயிருந்தும் இரண்டாவதாக வந்து சேர்ந்தவர். அமெரிக்காவின் கிராமி பரிசுக் குழுவினரும் 2024இல் ஆப்பிரிக்க இசைக்கென்று தனிப் பரிசு ஒன்றை முதன்முறையாக வழங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் டைலா அதைப் பெற்றார். முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் அதே கண்டத்தின் மறுகரையிலிருந்து விலங்கோடு வந்தவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன தாளத்துக்கோ, எந்த இசைத்தட்டின் உறையிலும் ஒரு பெயர் அச்சாகவில்லை. நாமும் அதைச் சிலோன் பாட்டு என்று சொல்லி அதோடு விட்டுவிட்டோம்.

சிராம்பியடியில் பழைய கலப்புப் பாஷை பேச்சு வழக்கில் அருகிவிட்டது. பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள், பாட்டுகளில் மாத்திரம் அந்தப் பாஷை தங்கியிருக்கிறது. அந்தப் பாட்டுகளை அங்கே போய்க் கேட்க விரும்பும் தூத்துக்குடிக்காரர் தம் ஊரிலிருந்து நேரே கடலைக் கடந்து போக முடியாது. 2011 ஜூன் மாதத்தில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பமான கொழும்புப் பிரயாணிகள் போக்குவரத்து அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நின்றுபோயிற்று. விமானத்தில் கட்டுநாயக்காவில் இறங்கி, சிலாபம் வழியாக வடக்கே புத்தளம் சாலையில் போகலாம்.